செகண்ட் ஹேண்ட் துணி: எந்தக் கடையில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

பழைய துணி விற்கும் எல்லாக் கடைகளுக்கும் சரக்கு வருவது யாரோ ஒருவருடைய அலமாரியிலிருந்துதான். ஆனால் ஒரே தரத்துக் கம்பளிக் கோட்டு ஒரு கடையில் ஒரு விலைக்கும், இன்னொரு கடையில் அதைப்போல ஐந்து மடங்குக்கும் தொங்குகிறது. குவியலைக் கிளறி, கிழிசல் பார்த்து, துவைத்து, தேய்த்து, எந்தக் காலத்துத் துணி என்று கண்டுபிடித்து மாட்டிவைத்ததற்கான கூலிதான் அந்த வித்தியாசம். பட்ஜெட் சின்னதாக இருந்தால் அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். எந்த வகைக் கடை அந்த வேலையில் எவ்வளவை நம் தலையில் விடுகிறது, வாங்கும் கூலிக்கு எவ்வளவை உருப்படியாகச் செய்து தருகிறது என்பதை வைத்தே இந்த மதிப்பீடு.

நன்கொடையாக வந்த துணியை விற்கும் தொண்டு நிறுவனக் கடைகளுக்குத்தான் முதலிடம். விலை குறைவு என்பது ஒரு காரணம். விலை போடும் முறை அதைவிடப் பெரிய காரணம். பெரும்பாலும் ரகத்தைப் பார்த்துத்தான் சீட்டு ஒட்டுகிறார்கள்: சட்டை என்றால் ஒரு விலை, பேண்ட் என்றால் ஒரு விலை. மெல்லிய பாலியஸ்டர் சட்டையும் கனமான லினன் சட்டையும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். பிரபலமான பிராண்டுப் பெயர் கண்ணில் பட்டால் மட்டும் அதைத் தனியே எடுத்து விலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் இங்கே பிராண்டைத் தேடிப் பயனில்லை. பெயரே கேள்விப்படாத நல்ல துணியைத் தேடினால்தான் லாபம்.

வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். தோள் மட்டத்தில் விரல்களை ஓட்டிக்கொண்டே போங்கள். லினன் குளிர்ச்சியாக, சற்று விறைப்பாகப் படும். கம்பளியைக் கசக்கி விட்டால் துள்ளி விரியும். பட்டு தொட்ட சில நொடிகளில் கைச்சூட்டை வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும். விரல் நின்ற இடத்தில் மட்டும் துணியை வெளியே இழுத்து, உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். உங்கள் அளவு வரிசையோடு நிறுத்தாமல் மேலும் கீழும் ஓர் அளவைச் சேர்த்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய மீடியம் இன்றைய மீடியம் அல்ல. மாட்டி வைப்பவர்களும் தப்பான வரிசையில் மாட்டுகிறார்கள்.

எடைக்கு விற்கும் கிலோ விற்பனைகளில் கணக்கு வேறு. ஆண்கள் பருத்திச் சட்டை ஒன்று 200 முதல் 250 கிராம். ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம். நீளமான கம்பளிக் கோட்டு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பட்டு ரவிக்கையோ மெல்லிய மேல்சட்டையோ 150 கிராமைத் தாண்டாது. எடைக்கு விலை என்னும்போது பட்டு, லினன், மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் எல்லாம் அடிமாட்டு விலைக்கு வரும். கோட்டும் ஜீன்ஸும் நன்கொடைக் கடையைவிட அதிக விலைக்குப் போய்விடும். துணியைப் போட்டுப் பார்க்க இடமிருக்காது, திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். உடம்போடு ஒட்டிய உடை போட்டுக்கொண்டு போனால் அதற்கு மேலேயே மாட்டிப் பார்த்துவிடலாம். இஞ்ச் டேப் இல்லாமல் போகவே கூடாது.

சொந்தக்காரர் துணியைக் கொடுத்துவைத்து, விற்ற பிறகு பங்கு வாங்கிக்கொள்ளும் கன்சைன்மென்ட் கடைகள் நடுத்தரம். கறையும் கிழிசலும் உள்ளதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த வடிகட்டலுக்குக் கொடுக்கும் காசு சட்டை, டிசர்ட்டுக்கு வீண். கோட்டு, ஷூ, தோல்பை ஆகியவற்றுக்குத் தகும். பல கடைகளில் துணி விற்காமல் இருக்க இருக்க விலையைப் படிப்படியாக இறக்குவார்கள். மாட்டிய தேதி சீட்டிலேயே இருக்கும். இல்லாவிட்டால் அடுத்து எப்போது இறங்கும் என்று கேளுங்கள், சொல்வார்கள். பருவம் மாறும் முன்பு, குளிர் முடியும் வேளையில், கோட்டு வாங்கப் போவது நல்லது.

வின்டேஜ் என்று பெயர் போட்ட தனிக் கடைகள் மிக விலை உயர்ந்தவை. அந்தக் காலத்துத் துணி, இந்தக் காலத்து மறுபதிப்பு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நடத்தினால் அந்த விலைக்கு நியாயம் உண்டு. அதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: இதை இந்தக் காலத்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஜிப்பையோ சீட்டையோ தையலையோ காட்டிப் பேசினால் நம்பலாம். ஸ்டைலைக் காட்டி மட்டும் பேசினால் நன்கொடைக் கடைக்கே திரும்பிவிடுங்கள்.

கையில் எடுத்த பிறகு

பழைய துணியில் எது கெட்டுப்போகும் என்பதை நூல் ரகம்தான் முடிவு செய்கிறது. அதனால் எல்லாத் துணியையும் ஒரே மாதிரி சோதிப்பதில் அர்த்தமில்லை.

பருத்திச் சட்டை என்றால் முதலில் காலர் மடிப்பு, பிறகு கைப்பட்டியின் விளிம்பு. மடிப்பில் இழை பிசிறியிருந்தாலும் துணி மற்ற இடங்களில் திடமாக இருந்தால் சட்டையை விட்டுவிடாதீர்கள். காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துத் தரும் தையல்காரர் இன்னும் இருக்கிறார், சின்ன வேலைதான். அடுத்து தையல். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கட்டைவிரல் நகத்தை வைத்து எண்ணுங்கள். எட்டு ஒன்பதுதான் என்றால் அவசரத்தில் அடித்தது. பதினாறுக்கு மேல் இருந்தால் கவனமாகத் தைத்த சட்டை. கட்டம் போட்ட துணியில் பாக்கெட்டின் கட்டமும் நெஞ்சுப் பகுதியின் கட்டமும் நேராகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் வெட்டும்போதே துணியைக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்கள். அப்படிச் செலவழித்தவர் உள்ளேயும் ஏமாற்றியிருக்க மாட்டார்.

அக்குளில் மஞ்சள் படிந்து விறைத்திருப்பது வியர்வையும், வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்த வினை. வெள்ளைப் பருத்தியில் இதைப் பெரும்பாலும் போக்கிவிடலாம். அதே கறை பட்டுத்துணியில் என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வியர்வை பட்டின் இழையையே அரிக்கும். கறை போனாலும் துணி அங்கே கிழியும். சாம்பல் நிறத்தில் மிளகு தூவியது போன்ற பூஞ்சைப் புள்ளிகளும் இழைக்குள் இறங்கிவிட்டால் போகாது.

கம்பளியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவில் ஒளி தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் புழு கடித்தது. ஓட்டை ஒன்றிரண்டு என்றால் இழை ஓட்டி அடைத்துவிடலாம். காலரின் அடிப்பக்கம், பாக்கெட் மூலை, மடித்த ஓரம் ஆகிய இடங்களில் வெள்ளை நிறத்தில் கூடு போல ஒட்டிக்கொண்டிருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கலாம். ஸ்வெட்டரில் உருண்டு நிற்கும் பிசிறைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதைச் சீவி எடுத்துவிடலாம். முழங்கை மெலிந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். கையின் ஓரப் பின்னலை இழுத்து விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பினால் இன்னும் பல வருடம் வரும்.

கோட்டுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. கீழ்ப் பட்டனுக்குச் சற்று மேலே, முன்பக்கத் துணியையும் உள்துணியையும் இரண்டு விரல் நுனிகளால் கிள்ளிப் பிடித்து மெதுவாகப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியே நகர்வது விரலுக்குத் தெரிந்தால் அது கான்வாஸ் வைத்துத் தைத்த கோட்டு. எதுவும் நகராமல் முன்துணி மட்டும் தடித்து விறைப்பாக இருந்தால், உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய கோட்டுகள் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பழையதில் அந்தப் பசை விட்டுப்போய், நெஞ்சிலும் காலர் மடிப்பிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். இஸ்திரி போட்டால் படிந்தது போலிருந்து, அடுத்த ஈரத்தில் மறுபடி எழும்பும். சரிசெய்ய வழியே இல்லாத குறை இது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஜீன்ஸில் தொடையின் உள்பக்கமும் கவட்டைத் தையலும் முதலில் தேயும் இடங்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் வெள்ளையாக மெலிந்திருப்பது தெரிந்துவிடும். எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் நூல்) கலந்த ஜீன்ஸ் என்றால் முழங்காலுக்குப் பின்னும் தொடையிலும் அலை அலையாக நெளிந்திருக்கிறதா, வெள்ளை நூல் துண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சூட்டில் உலர்த்தி உலர்த்தி நீளும் நூல் அறுந்துபோனதன் அடையாளம் அது. முழுப் பருத்தி ஜீன்ஸே பழையதாக வாங்கத் தகுந்தது.

தோல் போலத் தெரியும் பாலியூரித்தேன் ஜாக்கெட், பை, ஷூ மூன்றையும் தொடாமல் வந்துவிடுவதே நல்லது. காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சைச் சிதைக்கிறது. ஒரு தடவைகூடப் போடாமல் பெட்டியில் இருந்தாலும் உரிந்து கொட்டும். உரிய ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. பழைய கனமான பட்டிலும் இதே கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை ஏற்ற வெள்ளீய உப்பைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாகத் தானே வெடித்துப்போகிறது.

அளவில் ஏமாறாமல் இருக்க

சீட்டில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டை, பேண்ட், கோட்டு ஒவ்வொன்றையும் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கை நீளம், இடுப்பு, கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை, உள்கால் நீளம் என்று செ.மீ. கணக்கில் அளந்து கைபேசியில் குறித்து வையுங்கள். கடையில் துணியை அதே மாதிரி விரித்து அளந்து ஒப்பிட்டால், போட்டுப் பார்க்க இடமில்லாத கடையிலும் தப்பு நடக்காது. உடம்பின் அளவை வைத்துக் கணக்குப் போடுவதானால், சட்டைக்கு நெஞ்சுச் சுற்றளவோடு 10 செ.மீ., கோட்டுக்கு 10 முதல் 12, மேலே போடும் கனக் கோட்டுக்கு 15 முதல் 20 சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டில் தோள் பொருந்தவில்லையென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் எடுக்காதீர்கள். தோளை மாற்றுவதென்றால் கையைப் பிரித்து, உள்துணியைப் பிரித்து, பாதிக் கோட்டை மறுபடி தைக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துத் தைப்பது, பேண்ட்டின் அடியை மடித்துக் குறைப்பது, பட்டன் மாற்றுவது எல்லாம் எளிது. பெரிதாக்குவது எப்போதும் கஷ்டம். உள்ளே மிச்சத் துணி இருந்தால்தான் முடியும். பேண்ட்டின் பின் நடுத் தையலில் பக்கத்துக்கு 2.5 செ.மீ. மிச்சம் இருக்கிறதென்றால், 1 செ.மீ. தையலுக்குப் போக பக்கத்துக்கு 1.5, மொத்தம் 3 செ.மீ. கிடைக்கும். பிரித்து விடும் இடத்தில் பழைய ஊசித் துளைகளும் வெளுக்காத பட்டையும் தெரியுமா என்று தையலைச் சற்று விலக்கிப் பாருங்கள். வெளுத்த துணியில் அந்தக் கோடு எந்த இஸ்திரிக்கும் அடங்காது.

விலைச் சீட்டின் மேல் தையல் கூலி, டிரை கிளீனிங், பட்டன், ஜிப் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த மொத்தம் அதே தரத்துப் புதுத் துணியின் விலையில் பாதியைத் தாண்டினால் மாட்டிவிட்டு வந்துவிடலாம். டிரை கிளீனிங் மட்டுமே செய்ய முடிகிற துணிக்கு அந்தச் செலவு வருடத்தில் பல தடவை வரும்.

எந்தக் காலத்துத் துணி

வின்டேஜ் என்ற பெயருக்கு இணைய விற்பனையில் எட்சி தளம் வைத்திருக்கும் வரையறை குறைந்தது 20 வருடப் பழமை. அப்படிப் பார்த்தால் 2000களின் தொடக்கத்து மலிவுத் துணிக்கும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது. பழமை மட்டும் தரமாகாது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் வின்டேஜ் என்று சொல்லி அதற்கான விலை கேட்கிறார்கள் என்றால் காலத்தைச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் விற்ற துணி என்றால் உள்சீட்டு நிறையப் பேசும். துவைக்கும் முறையைத் துணியிலேயே தைத்து வைக்க வேண்டும் என்ற விதி அங்கே 1972இல் வந்தது. துவைக்கும் முறையைச் சொற்களுக்குப் பதில் குறிகளால் மட்டும் காட்டலாம் என்று அனுமதித்தது 1997இல். நூல் ரகத்தைக் குறிப்பிடும் சட்டம் 1960இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் உடையில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் தொழிற்சங்கச் சீட்டு இருந்தால் 1974க்கும் 1995க்கும் இடைப்பட்டது. ஆர்என் (RN) என்று தொடங்குவது நிறுவனத்தின் பதிவு எண். அதைத் தேடினால் அந்த நிறுவனம் பதிவு செய்த காலம் கிடைக்கும். துணி தைத்த வருடம் அதற்குப் பிந்தியது, எவ்வளவு பிந்தியது என்பதை அந்த எண் சொல்லாது. விற்பவர்கள் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் சிசி41 (CC41) என்ற அரசு முத்திரை 1941 முதல் 1952 வரையிலான சிக்கனக்காலத் துணிக்கு உரியது. கம்பளிக்கான வுல்மார்க் சின்னம் 1964க்கு முன் கிடையாது.

கவுனில் உலோக ஜிப் இருந்தால் பெரும்பாலும் 1960களின் நடுவுக்கு முந்தையது, அதன் பிறகு நைலான் ஜிப் வந்துவிட்டது. ஆனால் ஜிப்பை யாராவது மாற்றியிருக்கலாம். ஜிப்பைச் சுற்றியுள்ள நூலின் நிறம் மற்றத் தையலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புச் சீட்டில் நிறுவனப் பெயரிலுள்ள ஆங்கில E பெரிய எழுத்தாக இருந்தால் 1971க்கு முந்தையது என்பது உண்மைதான். அந்த நிறுவனமே பழைய மாடல்களை மறுபதிப்பாகப் போடும்போது அதே பெரிய எழுத்தை வைப்பதால், அதை மட்டும் நம்பிப் பெரிய காசு கொடுக்கக் கூடாது. டிசர்ட்டின் கையோரத்தில் ஒற்றைத் தையல் இருப்பது 1990களின் நடுப்பகுதி வரை வழக்கம். இப்போதைய மறுபதிப்புகளிலும் அது வருகிறது. எதற்கும் குறைந்தது இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

இணையத்தில்

தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் இணையத்தில் வாங்கும்போது விதிகளைப் படிப்பதுதான் சோதனை. பழைய துணி கைமாறும் தளங்களில் ஒன்றான வின்டெட்டில் விற்பவருக்குக் கட்டணம் இல்லை, வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் கட்டுகிறார். பொட்டலம் வந்த இரண்டு நாளுக்குள் குறையைச் சொல்லிவிட வேண்டும். போஷ்மார்க்கில் மூன்று நாள், அங்கே அளவு சரியில்லை என்பது திருப்பிக் கொடுக்கக் காரணமாகாது. ஈபேயில் விவரித்தபடி இல்லையென்றால் 30 நாள் அவகாசம். பழக்கமில்லாதவர்கள் ஈபேயில் தொடங்கலாம் என்பதற்கு இந்த அவகாசம் ஒரு காரணம். இன்னொன்று, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி. கேட்கும் விலைக்கும் கடைசியில் கைமாறிய விலைக்கும் உள்ள தூரத்தை அது பச்சையாகக் காட்டிவிடுகிறது. டீபாப்பில் ஸ்டைல் பார்த்து விலை ஏறுகிறது. துணி பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது ஏற்ற இடமில்லை. எந்தத் தளமானாலும் செயலிக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள், பாதுகாப்பு போய்விடும்.

தேடும்போது பிராண்டைப் போடாமல் துணி ரகத்தையும் உடை வகையையும் போடுங்கள். தேடலைச் சேமித்து வைத்து, புதிதாக வந்தவை முதலில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டுப் பெயரைத் தப்பாக எழுதிப் பதிந்தவை யார் கண்ணிலும் படாமல் கிடக்கும், அவற்றையும் தேடுங்கள். வாங்கும் முன் தட்டையாக விரித்த அளவுகள், அக்குளின் உள்பக்கம், காலர் மடிப்பு, நூல் ரகச் சீட்டு ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். சிகரெட், நாப்தலீன் (அந்துருண்டை), பூஞ்சை வாடை இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால்தான் பிறகு முறையிட முடியும். ஒரே விற்பவரிடம் இரண்டு மூன்று துணி சேர்த்து எடுத்தால் அனுப்பும் செலவு பங்காகும்.

வீட்டுக்கு வந்ததும்

மஞ்சள் படிந்த வெள்ளைப் பருத்திக்குக் குளோரின் பிளீச் போடாதீர்கள், மஞ்சள் இன்னும் கூடும். சோடியம் பெர்கார்பனேட் தூளை ஐந்து லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைத்து, 40 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போதே துணியை முக்கி, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. ரேயானை ஈரத்தில் முறுக்கிப் பிழியக் கூடாது. நனைந்தால் அதன் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். நாப்தலீன் வாடை துவைத்துப் போகாது. அது ஆவியாகிப் போக வேண்டியது. காற்றோட்டமான வெப்பமான இடத்தில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் போகும்.

கம்பளி எதுவானாலும் அலமாரியில் மற்ற துணியோடு வைக்கும் முன் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்திருங்கள். முட்டையும் புழுவும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த துணியில் ஈரம் படியும். ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து, மடிப்புகளையும் பாக்கெட் மூலைகளையும் பிரஷால் தட்டி எடுங்கள்.